வெள்ளை பீன்ஸ் மாத்திரையும் டாலஸில் ஐந்து பேரும்

சித்தி மகன் மேசைமேல் வைத்த டப்பாவில் 60 மாத்திரைகள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் கொடுத்தாராம். இவன் சோறு, பயறு போன்றவற்றை ஒதுக்கி மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறையில் எட்டு மாதம் ஓட்டி 14 கிலோ குறைத்தவன். அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். பந்தக்கால் நடுவதில் தொடங்கி மறுவீடு வரைக்கும் மூன்று நாள் பந்தி.

"மூணே நாளைக்குத்தாண்ணே. சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு போட்டுக்கிட்டா ஸ்டார்ச்ச குடல்லயே நிறுத்திடுமாம். சோறு சாப்பிட்ட மாதிரியும் ஆச்சு, கார்ப் ஏறாத மாதிரியும் ஆச்சு."

"யாருடா சொன்னா?"

"டப்பாவுலயே போட்டிருக்குண்ணே."

சிரிப்பு வந்தாலும், கேள்வி நியாயமானதுதான். மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்களிடம் இந்தக் 'கார்ப் பிளாக்கர்' வந்து சேர்வது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். தினமும் விழுங்குவதற்கு யாரும் வாங்குவதில்லை. கட்டுப்பாடு உடையப்போகிற நாளுக்கு ஒரு காப்பாக வாங்கி வைக்கிறார்கள். அவனுக்குப் பதில் சொல்வதற்காக நான் எடுத்துப் பார்த்தது 1982-இல் அமெரிக்காவில் நடந்த கதை. எடை குறைக்கும் சரக்குகளில் இவ்வளவு நேரடியாகச் சோதித்து, இவ்வளவு தெளிவாக விடை கிடைத்த விவகாரம் வேறு அதிகம் இல்லை. அதனால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

பயறு தனக்காகச் செய்துகொண்ட பூட்டு

மாத்திரைக்குள் இருப்பது வெள்ளை ராஜ்மாவின் சாறு. நாம் பொரியல் செய்கிற பச்சை பீன்ஸும், வடக்கே குழம்பு வைக்கிற சிவப்பு ராஜ்மாவும், இந்த வெள்ளைக் கொட்டையும் எல்லாம் ஒரே செடியினம். இந்தச் செடி தன் விதைக்குள் ஒரு புரதத்தைச் சேர்த்து வைக்கிறது. அமைலேஸ் என்ற நொதியின் வாயை அடைப்பதுதான் அந்தப் புரதத்தின் வேலை. விதையைத் துளைத்துத் தின்ன வரும் வண்டுக்கு மாவு செரிக்காமல் போகும். தட்டைப்பயற்றை டப்பாவில் போட்டு மறந்துவிட்டால் இரண்டு மாதத்தில் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்திருக்கும். அதே வண்டுக்கு ராஜ்மாவில் வாழ்க்கை அவ்வளவு சுலபமில்லை. அதற்கு இந்தப் புரதமும் ஒரு காரணம். ஆஸ்திரேலியாவில் இதன் மரபணுவைப் பட்டாணிச் செடிக்குள் புகுத்தி வண்டு விழாத பட்டாணி செய்யப் பல வருடம் உழைத்தார்கள். வண்டு விழவில்லை. ஆனால் அந்தப் பட்டாணியைத் தின்ற எலிகளின் நுரையீரலில் ஒவ்வாமை போன்ற அழற்சி தெரிந்ததால் 2005-இல் திட்டத்தையே கைவிட்டார்கள். இது நம் கதைக்குக் கொஞ்சம் வெளியே. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நமக்கும் அமைலேஸ் உண்டு. எச்சிலில் கொஞ்சம், கணையத்திலிருந்து சிறுகுடலுக்குள் நிறைய. வெறும் சோற்றை வாயில் போட்டு ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கும். எச்சில் அமைலேஸ் மாவை நறுக்குவதன் ருசி அது. நீளமான மாவுச்சங்கிலியை அது துண்டுதுண்டாக்கிக் கொடுக்க, சிறுகுடலின் சுவரில் இருக்கும் வேறு நொதிகள் துண்டுகளைக் குளுக்கோஸாக உடைத்து உள்ளே அனுப்புகின்றன. முதல் கத்தரிக்கோலை மட்டும் மழுங்கடிப்பதுதான் பீன்ஸ் புரதத்தின் வேலை. சர்க்கரை, வெல்லம், பழத்தின் இனிப்பு, பாலில் இருக்கும் லாக்டோஸ் எதற்கும் அந்தக் கத்தரிக்கோல் தேவையே இல்லை. ஆகவே அவற்றை இந்த மாத்திரை தொடவே தொடாது. டப்பாவில் இது கண்ணுக்குப் படுகிற அளவு எழுத்தில் இருப்பதில்லை.

பீன்ஸில் இப்படி ஒரு பொருள் இருப்பதை 1945-இலேயே கண்டிருக்கிறார்கள். 1975-இல் மார்ஷல், லவுடா என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்து 'ஃபேசியோலமின்' என்று பெயரிட்டு விவரம் வெளியிட்டார்கள். சோதனைக் குழாயில் அது அமைலேஸை அருமையாக அடைத்தது. குழாயில் நடப்பது குடலிலும் நடக்கும் என்று வியாபாரத்தில் இருந்தவர்கள் முடிவு செய்துகொண்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் 'ஸ்டார்ச் பிளாக்கர்' என்ற பெயரில் மாத்திரை அமெரிக்கக் கடைகளை நிறைத்தது. ரொட்டி, பாஸ்தா, உருளைக்கிழங்கு எல்லாம் சாப்பிடலாம், முன்னால் மாத்திரை போட்டால் போதும். 100 கிராம் மாவுச்சத்து என்றால் 400 கலோரி. அது அப்படியே வெளியே போய்விடும் என்பது கணக்கு.

வெளியே போகிறதென்றால் வெளியே தேடுவோம்

டாலஸ் நகரத்து பேய்லர் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் ஃபோர்ட்ரான் என்ற குடல் மருத்துவரின் ஆய்வுக்கூடம் இருந்தது. குடலுக்குள் எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது, எது மிஞ்சி வெளியே வருகிறது என்பதை அளப்பதில் பேர் போன இடம். 1980-இல் அவர்கள் ஒரு கரைசலைப் பற்றி எழுதியிருந்தார்கள். லிட்டர் கணக்கில் குடித்தாலும் உடம்புக்குள் ஏறாமலும், உடம்பிலிருந்து நீரை இழுக்காமலும், குடலை அலசிக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். இன்றைக்குப் பெருங்குடல் உள்நோக்கிச் சோதனைக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் ஒரு பொடியைக் கொடுத்து, ஜாடி நிறையத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்கிறார்களே, அந்த வகைக் கரைசலுக்கு மூலம் இதுதான். குடித்தவர்களுக்கு அந்த ராத்திரி மறக்காது.

ஸ்டார்ச் பிளாக்கர் சண்டைக்கு இந்தக் கரைசலே ஆயுதமானது. மாத்திரை சொல்வது உண்மையென்றால், செரிக்காத மாவு எங்காவது இருந்தாக வேண்டும். உடம்புக்குள் போகவில்லையென்றால் மலத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் எடை பார்க்கும் மெஷின் எதற்கு, மூன்று மாதம் உணவுக் குறிப்பு எழுதச் சொல்வது எதற்கு?

உடல்நலக் குறை ஏதும் இல்லாத ஐந்து பேர் வந்தார்கள். முதலில் கரைசலைக் குடித்துக் குடலைச் சுத்தமாக அலசினார்கள். பிறகு சாப்பாடு: ஸ்பாகெட்டி, தக்காளி சாஸ், ரொட்டி. அதில் 100 கிராம் மாவுச்சத்து. ஒரு நாள் ஸ்டார்ச் பிளாக்கருடன், இன்னொரு நாள் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரையுடன். செரிமானத்துக்கு வேண்டிய நேரம் விட்டு, மீண்டும் கரைசலைக் குடிக்க வைத்து, வெளியே வந்த அனைத்தையும் ஒரு சொட்டு விடாமல் சேகரித்தார்கள். சேகரித்ததில் எவ்வளவு கலோரி இருக்கிறது என்று எரித்து அளந்தார்கள். எரித்தால் வரும் வெப்பம் பொய் சொல்லாது.

மாத்திரை வேலை செய்திருந்தால் வெற்று மாத்திரை நாளைவிட 400 கலோரி கூடுதலாக வந்திருக்க வேண்டும். வெற்று மாத்திரை நாளில் சராசரியாக வந்தது 80 கலோரி. ஸ்டார்ச் பிளாக்கர் நாளில் 78.

1982 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் போ-லின், சான்டா ஆனா, மொராவ்ஸ்கி, ஃபோர்ட்ரான் நால்வர் பெயரில் இந்தக் கட்டுரை வந்தது. மனிதர்களில் மாவுச்சத்தின் செரிமானத்தை இந்த மாத்திரைகள் தடுக்கவில்லை என்று சுற்றிவளைக்காமல் முடித்திருந்தார்கள்.

ஐந்தே பேரை வைத்து இவ்வளவு பெரிய முடிவா என்று கேட்பார்கள். சித்தி மகனும் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் இங்கே பொருந்தாது. வீட்டுக்குள் எறும்பு வந்ததா என்று கண்டுபிடிக்க நிறையப் பேர் நிறைய நாள் தேட வேண்டியிருக்கும். யானை வந்ததா என்று பார்க்க ஐந்து பேர் தாராளம். மாத்திரைக்காரர்கள் யானை என்றுதான் விற்றார்கள். 400 கலோரி எதிர்பார்த்த இடத்தில் 2 கலோரி குறைந்துதான் வந்திருக்கிறது.

எனக்கு இந்தச் சோதனையில் பிடித்தது அதன் முரட்டு நேர்மை. 'வளர்சிதை மாற்றம் தூண்டப்படும்', 'நச்சு வெளியேறும்' என்று சொல்கிற சரக்குகளை எங்கே பிடிப்பது? நழுவிக்கொண்டே போகும். இந்த மாத்திரை மட்டும், பாவம், தன் வேலை என்ன, எந்த இடத்தில், எவ்வளவு என்று தானே சொல்லி மாட்டிக்கொண்டது.

குழாயில் பலித்தது குடலில் ஏன் பலிக்கவில்லை

இதற்கும் விடை தேடிய ஆட்கள் உண்டு. மின்னசோட்டாவின் மேயோ கிளினிக்கில் லேயர், டிமாக்னோ குழுவினர் 1985, 1986 வருடங்களில் வரிசையாகச் செய்த சோதனைகள் அவை. கடையில் விற்ற மாத்திரைகளில் அமைலேஸை அடைக்கும் திறன் போதுமான அளவில் இல்லை என்று கண்டார்கள். பிறகு தாங்களே பீன்ஸிலிருந்து அந்தப் புரதத்தை ஓரளவு சுத்தமாகப் பிரித்தெடுத்து, குழாய் வழியே நேரே சிறுகுடலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். குடலில் இருந்த அமைலேஸ் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அநேகமாக முழுதும் செயலற்றுப் போனது. மாவு செரிக்காமல் கீழே இறங்கியது. சாப்பிட்டவுடன் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் வெகுவாகக் குறைந்தது. மூச்சில் ஹைட்ரஜன் கூடியது. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் மாவைத் தின்று நொதிக்கும்போது வருகிற வாயு அது.

ஆகவே பீன்ஸ் புரதம் பொய் இல்லை. கணையம் தேவைக்குப் பல மடங்கு மேலாக அமைலேஸைக் கொட்டுவதுதான் சிக்கல். அதில் பாதியை அடைத்தாலும் மிச்சப் பாதி வேலையை முடித்துவிடும். சந்தைக் கூட்டத்தில் பத்து வாசலில் நாலைப் பூட்டினால் என்ன ஆகும், ஆட்கள் மற்ற ஆறு வழியாகப் போவார்கள். தவிர, இந்தப் புரதம் அமைலேஸோடு ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் நேரமும், லேசான புளிப்புச் சூழலும் கேட்கும். சிறுகுடலில் அவ்வளவு புளிப்பு இல்லை, சோறும் காத்திருக்காது.

உணவா, மருந்தா

சோதனை வெளிவருவதற்கு முன்பே அரசாங்கம் நுழைந்திருந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 1982 ஜூலையில் இவை மருந்துகள், மருந்துக்குரிய ஒப்புதல் வாங்காமல் விற்கக் கூடாது என்றது. குமட்டல், வாந்தி, வயிற்று வலி, உப்புசம் என்று புகார்களும் வந்துகொண்டிருந்தன. கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. பீன்ஸிலிருந்து வருவதுதானே, பீன்ஸ் உணவுதானே, எனவே இதுவும் உணவுதான் என்பது அவர்கள் வாதம்.

'நியூட்ரிலேப் எதிர் ஷ்வைக்கர்' என்ற அந்த வழக்கில் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983-இல் சொன்ன தீர்ப்பைப் படிக்கச் சுவையாக இருக்கும். உணவு என்பதை மனிதர்கள் முதன்மையாக ருசிக்காகவோ மணத்துக்காகவோ ஊட்டத்துக்காகவோ சாப்பிடுகிறார்கள். காபியும் ப்ரூன் பழச்சாறும் சில வேளை வேறு காரணத்துக்காகக் குடிக்கப்படலாம், அதனால் அவை உணவு இல்லாமல் போய்விடாது. ப்ரூன் சாற்றை எதற்குக் குடிப்பார்கள் என்று நீதிபதிகள் விளக்கவில்லை. மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஸ்டார்ச் பிளாக்கரை யாரும் ருசிக்காகவோ மணத்துக்காகவோ விழுங்குவதில்லை. ஊட்டத்துக்காக என்றால், அதன் வேலையே ஊட்டத்தைத் தடுப்பதுதான். எனவே மருந்து. கதை முடிந்தது.

முடிந்திருக்க வேண்டும். 1994-இல் அமெரிக்காவில் உணவுத் துணைப்பொருள்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. விற்பதற்கு முன் பலன் உண்டு என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு கதவு திறந்தது. அந்தக் கதவு வழியாக வெள்ளை பீன்ஸ் சாறு மறுபடியும் கடைக்கு வந்து உட்கார்ந்தது. 2003, 2004 வாக்கில் லோ கார்ப் அலை அங்கே உச்சத்துக்குப் போனபோது இதற்கும் நல்ல காலம் பிறந்தது. சித்தி மகனின் டப்பா அந்த வம்சம்.

இரண்டாம் பிறவியின் மதிப்பெண்

புதிய சாறுகள் பழையவற்றைவிட வீரியமானவை என்கிறார்கள். இருக்கலாம். 2004-இல் வெளியான ஒரு சோதனையில், சாப்பாட்டோடு 1500 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இரண்டு வேளை எட்டு வாரம் கொடுத்தார்கள். இறுதிவரை நின்றவர்கள் 27 பேர். பீன்ஸ் சாறு எடுத்தவர்கள் சராசரியாக 1.7 கிலோ குறைந்தார்கள், வெற்று மாத்திரைக்காரர்கள் 0.75 கிலோ. புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் தற்செயலிலிருந்து பிரிக்க முடியாதது.

2007-இல் 60 பேரை வைத்து இத்தாலியக் குழு ஒன்று 30 நாள் செய்த சோதனைதான் விற்பனையாளர்கள் எப்போதும் காட்டுவது. அதில் 2.93 கிலோவுக்கு எதிராக 0.35 கிலோ. நல்ல வித்தியாசம். ஆனால் அந்த 60 பேர் என்ன சாப்பிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கொடுத்தது நாளைக்கு 2000 முதல் 2200 கலோரி வரை, மாவுச்சத்து மிகுந்த சாப்பாடு. மாவு அதிகம் வருகிற வேளைக்கு முன்னால் மாத்திரை. அதாவது இந்தச் சரக்குக்குக் கிடைத்த ஆகச் சிறந்த மதிப்பெண், நிறைய மாவு சாப்பிடச் சொல்லி வாங்கின மதிப்பெண். அதையே துண்டுச்சீட்டில் அச்சடித்து லோ கார்ப்காரரிடம் நீட்டுகிறார்கள்.

2011-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் ஆறு சோதனைகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தார்கள். எடையில் தெரிந்த வித்தியாசம் தற்செயலைத் தாண்டவில்லை. உடல் கொழுப்பில் மட்டும் 1.86 கிலோ குறைவு தெரிந்தது. ஆறு சோதனைகளுமே செய்முறையில் பெரிய குறைகள் உள்ளவை என்றும் அவர்களே எழுதினார்கள். என் கணிப்பு: மாவை அள்ளிச் சாப்பிடுகிறவருக்குச் சின்னதாக ஏதோ இருக்கலாம். யானை இல்லை. எறும்பாக இருக்கலாம்.

பூட்டப்பட்ட வீட்டுக்கு இன்னொரு பூட்டு

இப்போது பேலியோக்காரரின் தட்டைப் பார்ப்போம். காலையில் பாதாம், மதியம் முட்டையும் காலிஃப்ளவரும், மாலையில் வெண்ணெய் போட்ட டீயோ சூப்போ, இரவில் கோழியோ பன்னீரோ. மாவும் சர்க்கரையும் சேர்த்து நாளைக்கு 40 கிராம் கார்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி காய்களில் இருக்கும் இனிப்பும் பாலின் லாக்டோஸும்தான். அசல் மாவுச்சத்து 10 கிராம் இருந்தால் அதிகம். மாத்திரை நன்றாகவே வேலை செய்து அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தடுத்துவிட்டது என்று தாராளமாகவே கொடுப்போம். 2 கிராம். 8 கலோரி. பாதாம் இரண்டு பருப்பைக் குறைத்தால் இதைவிட அதிகம் மிச்சம்.

எனவே அன்றாடத்துக்கு இது வீண். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நொதியைத் தடுக்கும் பொருளுக்கு, நொதி வேலை செய்ய ஏதாவது இருந்தால்தானே வேலை?

கல்யாணப் பந்தி வேறு கதை என்றான் தம்பி. சரி, பந்திக்கும் கணக்குப் போட்டோம், அவன் எதிரிலேயே, அழைப்பிதழ்ப் பட்டியல் எழுதின தாளின் பின்பக்கத்தில். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்றில் 300 கிராம் சோறு. சமைத்த சோற்றில் நூற்றுக்கு 28 கிராம் போல மாவு, ஆக 84. பாயசம், ஜாங்கிரி, இலையோரத்துக் கேசரி என்று சர்க்கரை 40 கிராமாவது வரும். அப்பளம், உருளைக்கிழங்கு, வடை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இதுவே 124.

"ஐந்தில் ஒண்ணு தடுத்துட்டா?"

"84-ல 17 போகும். சர்க்கரையத் தொடாது. மிச்சம் 107."

"பாதி தடுத்துட்டா?"

"அவ்வளவு தடுத்தா நீ பந்தியில உட்கார முடியாதுடா. சரி, தடுத்துடுச்சுன்னே வை. 82. உன் நாள் அளவு என்ன?"

"அம்பது."

பேசாமல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாவு கிடைக்காமல் உடம்பு கொழுப்பை எரித்து ஓடும் நிலைக்குக் கீட்டோசிஸ் என்று பெயர். அது உடைவதற்கு 82-உம் 107-உம் ஒன்றுதான். அதோடு, தடுக்கப்பட்ட 17 கிராமும் முழுதாகத் தொலைந்துவிடுவதில்லை. பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதைக் கொழுப்பு அமிலங்களாக மாற்ற, உடம்பு அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். கிராமுக்கு 4 கலோரி போன இடத்தில் 2 திரும்பி வந்துவிடும். நிகர லாபம் 34 கலோரி. சாதத்தின்மேல் ஊற்றுகிறார்களே, அந்த நெய்யில் ஒரு டீஸ்பூன் இதைவிட அதிகம். நுண்ணுயிர்களின் கூலி வாயு. அது முகூர்த்தத்துக்கு நேரம் பார்த்து வராது.

இன்னொன்றும் அவனிடம் சொன்னேன், அதற்குத்தான் அவன் கொஞ்சம் கோபப்பட்டான். பேலியோவில் பருப்பும் பயறும் ஏன் கூடாது என்று எட்டு மாதமாக எனக்குப் பாடம் எடுத்தவன் இவன். வயிற்றைக் கெடுக்கும் லெக்டின் என்ற புரதம் இருக்கிறது, செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன என்பான். இந்த மாத்திரை என்ன? பயற்றில் உள்ள செரிமானத் தடைப் பொருளைத் தனியாகப் பிழிந்து எடுத்தது. பயறே ஆகாது என்று ஒதுக்கியவன், பயற்றில் அவன் எதற்குப் பயந்தானோ அதை மட்டும் காசு கொடுத்து வாங்கி விழுங்குவதா? டப்பாவின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 'பிற சேர்மானங்கள்' என்று ஒரு வரி இருந்தது. முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது பாதி உடைத்த மாவுச்சத்து. அதைக் காட்டியதும் அவனே சிரித்துவிட்டான்.

வறுத்து அரைத்த பொடி

லெக்டின் பயம் வெறும் கற்பனையும் இல்லை. 2006 மே மாதம் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, வெள்ளை ராஜ்மாவை வாணலியில் மூன்று நிமிடம்போல வறுத்து, பொடித்து, சோற்றின்மேல் தூவிச் சாப்பிட்டால் எடை குறையும் என்று காட்டியது. காரணமாகச் சொன்னது இதே அமைலேஸ் தடைதான். பார்த்தவர்கள் அன்றைக்கே செய்தார்கள். கடும் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆயிரம் பேர் அளவில் பாதிக்கப்பட்டார்கள். நூறு பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சரியாக வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் செய்த வேலை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நன்றாக ஊறவைத்து, தண்ணீரை இறுத்து, புதுத் தண்ணீரில் கொதிக்க வேகவைத்தால் லெக்டின் அழியும். ஆனால் அமைலேஸைத் தடுக்கும் புரதமும் சேர்ந்தே அழியும். தடையை மிச்சம் வைக்க வேண்டுமென்று அரைகுறையாகச் சூடாக்கினால் விஷமும் மிச்சமிருக்கும். வீட்டு அடுப்பில் ஒன்றை மட்டும் பிரிக்க வழியில்லை. 'கெமிக்கல் வேண்டாம், நாமே பொடி செய்துக்கலாம்' என்று யாராவது கிளம்பினால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். தண்ணீர் கொதி நிலைக்கு வராத மெதுவான மின்சாரச் சட்டியில் வேகவைப்பது இன்னும் மோசம். 80 டிகிரி அளவில் நின்றால் நச்சு பல மடங்கு கூடக்கூடும். நம் வீட்டு பிரஷர் குக்கரில் அந்தக் கவலை இல்லை.

இதே வேலையைச் செய்யும் மருந்து

உண்மையாகவே மாவுச் செரிமானத்தைத் தடுக்கும் மருந்துகள் நம் ஊர் மருந்துக் கடைகளிலேயே இருக்கின்றன. அகார்போஸ், வோக்லிபோஸ். சர்க்கரை நோய்க்கு டாக்டர் எழுதிக்கொடுப்பவை. சிறுகுடல் சுவரில் இருக்கும் இரண்டாவது கத்தரிக்கோலை இவை பிடிக்கின்றன. அதனால் சர்க்கரை செரிப்பதையும் தாமதப்படுத்தும். சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்களுக்கு அகார்போஸ் கொடுத்துச் சுமார் மூன்று வருடம் கவனித்த பெரிய சோதனை 2002-இல் வந்தது. அகார்போஸ் எடுத்தவர்களில் 32 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, வெற்று மாத்திரையில் 42 சதவீதம். பலன் நிஜம். ஆனால் அகார்போஸ் தரப்பில் 31 சதவீதம் பேர் பாதியில் நிறுத்திவிட்டார்கள், மற்ற தரப்பில் 19. பெரும்பாலும் வயிற்றுத் தொல்லை. பலமான தடை என்றால் விலையும் பலமாகத்தான் இருக்கும்.

இதில் உயிர்ப் பிரச்சினையான ஒரு நுணுக்கம். சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருப்பவர் மாவையும் குறைத்து, அதற்குமேல் தடையும் போட்டால் லோ சுகர் வரலாம். அகார்போஸ், வோக்லிபோஸ் எடுப்பவருக்கு அப்படி வந்தால் வீட்டுச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுப்பது சட்டென்று பலிக்காது. அதை உடைக்கும் நொதியைத்தான் மருந்து கட்டிப்போட்டிருக்கிறதே. குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும். பையில் ஒரு பாக்கெட் இருக்கட்டும். பேலியோவில் இறங்கும் சர்க்கரை நோயாளிகள் மருந்தின் அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றாமல் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதும் இதனால்தான்.

பந்திக்குப் பிறகு

தம்பி மூன்று நாளும் இலை போட்டுச் சாப்பிட்டான், மாத்திரை இல்லாமல். நாலாம் நாள் காலையில் போன்.

"அண்ணே, ரெண்டே கால் கிலோ ஏறிடுச்சு. அந்த மாத்திரையப் போட்டிருக்கலாமோ?"

மாவைக் குறைத்துச் சாப்பிடுகிறவரின் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரையின் கையிருப்பு, வற்றிக் கிடக்கும். முழுக் கையிருப்பு அரைக் கிலோவுக்குப் பக்கம். ஒவ்வொரு கிராமும் 3 கிராம் போலத் தண்ணீரைக் கூட வைத்துக்கொள்ளும். மூன்று நாள் சோற்றில் அது நிறைந்தால் எடை மெஷின் இரண்டு கிலோ காட்டுவது இயல்பு. கொழுப்பு அதில் கொஞ்சம்தான். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் வந்த வேகத்தில் இறங்கும். இதைச் சொன்னேன். நம்பினானோ என்னவோ, "சரிண்ணே" என்று வைத்துவிட்டான்.

ஒன்பதாம் நாள் மறுபடி போன். பழைய எடைக்கு வந்துவிட்டதாம், கால் கிலோதான் பாக்கி.

"நல்லவேளைடா அதப் போடல," என்றேன்.

"ஏண்ணே, போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"இதேதான் ஆயிருக்கும். ஆனா மாத்திரையாலதான் இறங்குச்சுன்னு இந்நேரம் நாலு பேருக்குச் சொல்லியிருப்ப."